நிழலோடு பழகிய நான்கு நாட்கள்

திருகோணமலையிலிருந்து புல்மோட்டைக்கு ஏறக்குறைய 55 கிலோமீற்றர். நிலாவெளி, இறக்கக்கண்டி, கும்புறுப்பிட்டி, குச்சவெளி என்று கரையோரமாகவே வீதி வடக்கு நோக்கிப் போகிறது. வலப்புறத்தில் கடல் வருவதும் மறைவதுமாக இருக்கும். ஒரு காலத்தில் ஆற்று வாய்களைப் 'பாதை'யில் ஏறிக் கடந்து, சோதனைச் சாவடிகளில் இறங்கி ஏறிப் போன வழி இது. இப்போது பாலங்கள் இருக்கின்றன. பஸ் நிற்காமல் ஓடுகிறது.

பஸ்ஸில் நான் யன்னலோரமாக ஒடுங்கி, கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்தபடி இருந்தேன். அதற்கு மூன்று மாதங்களுக்கு முன் வேறோர் ஊரில், நெரிசலான பஸ் ஒன்றில், பின்னால் நின்ற ஒருவன் என்னிடம் முறைகேடாக நடந்துகொண்டான். நான் சமூகவியல் படித்தவள். பெண்களுக்கு எதிரான வன்முறை பற்றி எத்தனையோ கூட்டங்களில் பேசியவள். அன்று என் தொண்டையிலிருந்து ஒரு சொல் கூட வரவில்லை. உடம்பு கட்டை போல நின்றுவிட்டது. இறங்க வேண்டிய இடத்துக்கு முன்னரே இறங்கி வெயிலில் நடந்தேன். அதை எவரிடமும் சொல்லவுமில்லை.

இது எனக்கு மட்டும் நேர்ந்ததல்ல. ஐக்கிய நாடுகள் சனத்தொகை நிதியம் 2015 ஆம் ஆண்டு இலங்கையில் நடத்திய ஆய்வில், பொதுப் போக்குவரத்தில் ஒரு தடவையேனும் பாலியல் தொந்தரவுக்கு ஆளானதாகச் சொன்ன பெண்கள் 90 சதவீதத்தினர். பொலிஸாரின் உதவியை நாடியவர்கள் 4 சதவீதத்தினர் மட்டுமே. மற்றவர்களும் என்னைப் போலவே முன்கூட்டியே இறங்கி நடந்திருப்பார்களோ என்று எண்ணிக்கொள்வேன்.

புல்மோட்டை என்றதும் எல்லோரும் சொல்வது இல்மனைட் மணலைத்தான். கனிய மணல் கூட்டுத்தாபனம் 1957 ஆம் ஆண்டு நிறுவப்பட்டதிலிருந்து இவ்வூரின் பெயர் அந்த மணலோடு சேர்ந்தே வழங்குகிறது. கறுத்துப் பளபளக்கும் இந்த மணலை ஒரு கை அள்ளினால் சாதாரண மணலை விடக் கனமாக இருக்கும். இதிலிருந்து பிரித்தெடுக்கப்படும் பொருளைக் கொண்டே உலகெங்கும் வெள்ளைப் பெயின்ற் செய்கிறார்கள். கறுப்பு மணலுக்குள் வெள்ளை நிறம் ஒளிந்திருப்பதைக் கேட்டபோது எனக்கு வியப்பாக இருந்தது.

தையல் தொழில் செய்யும் பெண்களுக்குக் கணக்கு வைப்பதையும் குடும்ப வன்முறைச் சட்டத்தையும் பற்றி நான்கு நாள் வகுப்பு எடுக்கவே போயிருந்தேன். சங்கத்தின் பொருளாளரான ராத்தா ஒருவரின் வீட்டில் தங்கினேன். முதல் நாள் சுபஹுத் தொழுகை முடிந்து வீடு தேநீருக்குத் தயாராகும் நேரம். பின்முற்றத்தில் 'ஸ், ஸ்' என்று ஒரு சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். ராத்தாவின் இளைய மகள் மதிலை நோக்கி நின்று காற்றில் குத்திக்கொண்டிருந்தாள். உடற்கல்வி ஆசிரியையாகப் பயிற்சி பெற்று வந்தவள் அவள்.

"யாரோட சண்டை தங்கச்சி?" என்று கேட்டேன்.

"என்ட நிழலோட அக்கா. நீங்களும் வாங்க" என்றாள் சிரித்துக்கொண்டு.

குத்துச்சண்டை வீரர்கள் எதிராளி இல்லாமல், கையுறை இல்லாமல், வெறுங்காற்றில் செய்யும் பயிற்சி இது. நிழற்சண்டை என்று சொல்லலாம். நம் சிலம்பத்திலும் எதிரி இல்லாமல் தனியே வரிசை போட்டுப் பழகுவார்கள் அல்லவா? அதுபோலத்தான். காசு செலவில்லை. ஒரு பாய் விரிக்கும் அளவு இடம் போதும்.

மறுநாள் காலை நானும் முற்றத்தில் நின்றேன். வலக்கைப் பழக்கமுள்ளவர் இடக்காலை ஒரு அடி முன்வைக்க வேண்டும். கால்களுக்கிடையே தோளளவு அகலம். முழங்கால் சற்றுத் தளர்ந்திருக்க வேண்டும், பின்காலின் குதி சற்று எழுந்திருக்க வேண்டும். இரு கைகளும் கன்னத்துக்கு நேரே, முழங்கைகள் விலாவோடு, நாடி தாழ்ந்து. கையைப் பொத்தும்போது பெருவிரல் வெளியே இருக்க வேண்டும். "உள்ளுக்கு வெச்சா விரல் உடைஞ்சிரும்" என்று என் கையைப் பிடித்துத் திருத்தினாள்.

நிற்பதே பெரும்பாடாக இருந்தது. முதற் குத்து போனபோது எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. குசினி யன்னலில் ராத்தாவும் சிரித்தார். யாரும் பார்க்கிறார்களோ என்று மதிலுக்கு மேலே பார்த்தேன். முப்பத்தைந்து வயதுப் பெண், காற்றோடு சண்டை பிடிக்கிறாள்! தோள் இறுகியது. மூச்சை அடக்கிக்கொண்டு வேகமாக நாலு குத்து விட்டேன். களைத்துப்போய்ப் படியில் உட்கார்ந்துவிட்டேன்.

"எல்லாரும் முதல் நாள் இதைத்தான் செய்வாங்க" என்றாள் அவள். புதியவர்கள் செய்யும் பிழைகளை வரிசையாகச் சொன்னாள். மூச்சை அடக்குவது, நிலத்தைப் பார்ப்பது, குத்திய கையைக் கீழே தொங்கவிடுவது, நகரும்போது காலைக் காலோடு பின்னிக்கொள்வது, எல்லாவற்றிலும் மேலாக அவசரப்படுவது. குத்தும்போது மூச்சை வெளியே விட வேண்டும். அவள் எழுப்பிய 'ஸ்' என்ற சத்தத்தின் காரணம் அப்போதுதான் விளங்கியது. குத்திய கை போன வழியே முகத்துக்குத் திரும்ப வேண்டும். முழங்கையை முற்றாக விறைப்பாக நீட்டினால் மூட்டு நோகும்.

பிறகு என்னை மதிலுக்கு முன் நிறுத்தினாள். கடல் பக்கமிருந்து எழுந்த சூரியன் என் முதுகில் பட்டது. மதிலில் என் நிழல் நீண்டு விழுந்தது. "வேகம் வேணாம். நிழலில கை எங்க இருக்கு எண்டு மட்டும் பாருங்க" என்றாள். இரண்டு நிமிடம் செய்வது, ஒரு நிமிடம் ஓய்வது, இப்படி மூன்று தடவை. இடக்கை மட்டும் ஒரு சுற்று. இடக்கை, வலக்கை மாறி மாறி ஒரு சுற்று. கடைசிச் சுற்றில் கைகளோடு கால்களும் நகர வேண்டும். மூன்றாவது சுற்றில் நான் மதிலுக்கு மேலே பார்க்க மறந்துவிட்டேன்.

தேநீர் குடிக்கையில் பேச்சு குத்துச்சண்டை வீராங்கனைகள் மீது திரும்பியது. பெண்களின் குத்துச்சண்டை ஒலிம்பிக்கில் முதன்முதலாக இடம்பெற்றது 2012 இல், லண்டனில். 2018 ஆம் ஆண்டு கோல்ட் கோஸ்ட் பொதுநலவாய விளையாட்டுப் போட்டியில் நம் நாட்டின் அனுஷா கொடிதுவக்கு வெண்கலப் பதக்கம் பெற்றார். அரையிறுதியில் அவர் எதிர்கொண்டது மணிப்பூரின் மேரி கோமை. தெலங்கானாவின் நிசாமாபாத்தைச் சேர்ந்த முஸ்லிம் பெண் நிகத் சரீன் 2022 இலும் 2023 இலும் உலகச் சம்பியனானார். "அவங்க எல்லாரும் நிழலோட குத்தித்தான் பழகியிருப்பாங்க" என்றாள் அந்தப் பிள்ளை. ராத்தா எதுவும் சொல்லவில்லை. ஆனால் அடுத்த நாள் காலை கதிரையொன்றைக் கொண்டுவந்து முற்றத்தில் போட்டு, உட்கார்ந்தபடியே கைகளை நீட்டி மடக்கத் தொடங்கினார். அவருக்கு முழங்கால் வருத்தம்.

மூன்றாம் நாள் மாலை வகுப்பு முடிந்ததும் அரிசிமலைக் கடற்கரைக்குப் போனோம். அங்கே மணல் கறுப்பல்ல. பளிங்குக் கற்கள் அரைபட்டு அரிசி மணிகளைப் போலக் கிடக்கின்றன. சூரியன் பின்னால் தாழ, எங்கள் நிழல்கள் கடலை நோக்கி நீண்டன. ஆளில்லாத ஓரமாக நின்று பயிற்சியைத் தொடங்கினோம். மணலில் கால் புதைவதால் சமநிலை தவறுகிறது. கெண்டைக்கால் பிடித்து இழுக்கிறது.

"இப்ப முன்னால ஒரு ஆள் நிக்கிறதா நினைச்சுக்கங்க அக்கா" என்றாள்.

நினைத்தேன். உடனே அந்த பஸ்ஸும் அவனும் வந்துவிட்டார்கள். உயர்த்திய கைகள் அப்படியே நின்றுவிட்டன. மூச்சும் நின்றது. அவள் என் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டாள் போலும். என்ன என்று கேட்கவில்லை. "குத்த வேணாம். முதல்ல ஒரு அடி பக்கவாட்டா வைங்க. மூச்சை விடுங்க. விடக்குள்ள 'தள்ளு' எண்டு சொல்லுங்க" என்றாள்.

காலை நகர்த்தினேன். மூச்சோடு சேர்ந்து சத்தம் வந்தது. முதல் தடவை அது எனக்கே கேட்கவில்லை. ஐந்தாம் தடவை அலைச் சத்தத்துக்கு மேலே கேட்டது. பிறகு மணலில் உட்கார்ந்து அழுதேன். ராத்தா பக்கத்தில் வந்து அமர்ந்து முதுகைத் தடவிக்கொண்டிருந்தார். அன்றுதான் மூன்று மாதக் கதையை முதன்முதலாக வாய்விட்டுச் சொன்னேன். கேட்டுவிட்டு ராத்தாவும் தம் இளமைக் காலக் கதை ஒன்றைச் சொன்னார். அதை இங்கே எழுதும் உரிமை எனக்கில்லை.

நான்காம் நாள் பிற்பகல் திரும்பும் பஸ்ஸில் சனம் அதிகம். யன்னலோர இடம் கிடைக்கவில்லை. கால்களைத் தோளளவு அகலத்தில் வைத்து, முழங்காலைத் தளர்த்தி நின்றேன். குச்சவெளியைத் தாண்டியதும் ஒருவர் என் தோளில் சாய்ந்தார். வேண்டுமென்று சாய்ந்தாரா, வளைவில் தடுமாறினாரா தெரியாது. நான் ஒரு அடி விலகி மூச்சை விட்டு, "கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்றேன். பஸ்ஸில் பலருக்கும் கேட்டிருக்கும். அவர் தள்ளி நின்றார். நடந்தது அவ்வளவுதான். ஆனால் நான் இறங்க வேண்டிய இடத்தில்தான் இறங்கினேன்.

சகோதரிகளே, நான்கு நாளில் யாரும் வீராங்கனை ஆகிவிட முடியாது. நிழற்சண்டை கற்றதை நம்பி எவரோடும் மோதப் போகவும் கூடாது. ஆபத்து நேரத்தில் விலகுவதும் சத்தமிடுவதும் உதவி கேட்பதுமே முதலில் செய்ய வேண்டியவை. பாலியல் தொந்தரவு 1995 ஆம் ஆண்டு முதல் நமது தண்டனைச் சட்டக் கோவையில் குற்றமாக இருக்கிறது. மகளிர் உதவிக்கான 1938 என்ற தொலைபேசி இலக்கத்தை மனப்பாடம் செய்து வைத்துக்கொள்ளுங்கள். நெஞ்சு வருத்தம், உயர் இரத்த அழுத்தம், மூட்டு வருத்தம் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் வைத்தியரைக் கேட்ட பின்னரே இப்பயிற்சியைத் தொடங்க வேண்டும். நீண்ட உடை அணிபவர்கள் ஓரத்தைக் கணுக்காலுக்கு மேலே ஏற்றிச் செருகிக்கொள்வது நல்லது. மிதித்து விழுந்துவிடக் கூடாது.

மற்றபடி, நாளைக் காலை சூரியன் முதுகில் படும்படி ஒரு சுவருக்கு முன்னால் நில்லுங்கள். முதல் நாள் வெட்கம் வரும். சிரிப்பும் வரும். வீட்டார் யன்னலில் நின்று பார்ப்பார்கள். பார்க்கட்டும். மூன்று சுற்று முடியும் வரை நிழலைப் பார்த்து, மூச்சை விட்டு, மெதுவாகச் செய்யுங்கள். அடுத்த நாள் அவர்களில் ஒருவர் கதிரையைத் தூக்கிக்கொண்டு உங்கள் பக்கத்தில் வந்து உட்காரவும் கூடும்.