கடுவன் குட்டி

வருகிற ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு ஒரு நாய்க்குட்டி வருகிறது. அம்மாவிடம் போனில் சொன்னேன். அம்மா கேட்ட முதல் கேள்வி: "கடுவனா, பொட்டையா?"

"கடுவன்தாம்மா."

கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு மெதுவாக, "அங்க யாரும் ஒன்னும் சொல்ல மாட்டாங்கள்ல தாயி?" என்றார்.

நான் இருப்பது மதுரை நகருக்குள், வாடகை வீட்டில். வீட்டுக்காரம்மாவிடம் முன்பே கேட்டுவிட்டேன். "படியில அசிங்கம் பண்ணாம பாத்துக்கங்க" என்பதோடு அவர் முடித்துக்கொண்டார். ஆனால் அம்மா கேட்டது படியைப் பற்றி இல்லை.

எனக்கு ஏழு வயது இருக்கும். அப்பா வேலைக்குப் போன இடத்திலிருந்து ஒரு செவலைக் குட்டியைத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்தார். ராஜா என்று பெயர் வைத்தோம். எங்கள் காலனியில் அதுவரை நான் பார்த்த நாய்கள் எல்லாமே பெட்டைதான். அது ஏன் என்று குழந்தைக்கு எப்படித் தெரியும்? ராஜா கொஞ்சம் வளர்ந்ததும் ஊர்த்தெருவிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். இருவருமே அப்பாவைவிட வயதில் சின்னவர்கள். "என்னடா, கடுவன் வளக்குறியாமே? பேரு வேற ராஜாவாமே?" அப்பா தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றார். மறுநாள் காலையில் ராஜா இல்லை. "ஓடிப்போச்சு" என்றார் அப்பா.

போன வாரம்தான் அம்மா உண்மையைச் சொன்னார். "ஓடல தாயி. உங்கப்பாதான் ராத்திரி சாக்குல போட்டு, சைக்கிள்ல கொண்டுபோயி சந்தைப்பேட்டையில விட்டுட்டு வந்தாரு. வந்து விடிய விடிய உக்காந்திருந்தாரு." அப்பா இப்போது இல்லை. இருபத்தைந்து வருடமாக எனக்கு ஒரு நாயின் மேல் கோபம் இருந்திருக்கிறது, நம்மை விட்டு ஓடிப்போனதே என்று.

தலித்துகள் கடுவன் நாய் வளர்க்கக் கூடாது என்ற தடை எங்கள் ஊர்க் கதை மட்டுமல்ல. மதுரை வட்டாரத்துக் கிராமங்கள் சிலவற்றில் இது இருந்ததைக் கள ஆய்வுகளும் பத்திரிகைகளும் பதிவு செய்திருக்கின்றன. காரணம் எளிது. காலனி நாய், ஊர்த்தெரு நாயோடு சேர்ந்துவிடக் கூடாது. இன்னும் ஒன்றைக் கவனியுங்கள். ஊர்த்தெருக் கடுவன் காலனிக்குள் வரலாம், அதை யாரும் தடுப்பதில்லை. காலனிக் கடுவன் ஊர்த்தெருவுக்குப் போவதுதான் குற்றம். மேல்சாதி ஆண், கீழ்சாதிப் பெண் என்றால் அனுலோமம், பொறுத்துக்கொள்ளலாம். தலைகீழானால் பிரதிலோமம், பொறுக்கவே முடியாது என்று சாத்திரம் சொன்ன அதே விதி இது. 2015இல் கோகுல்ராஜையும் 2016இல் உடுமலை சங்கரையும் கொன்றதும் அதே விதிதான். மனிதரையும் நாயையும் நான் ஒப்பிடவில்லை. சாதி இரண்டையும் ஒரே கயிற்றால் கட்டியது என்கிறேன்.

முதுகலை சமூகவியல் படிக்கும்போது அண்ணல் அம்பேத்கர் 1916இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் வாசித்த 'இந்தியாவில் சாதிகள்' கட்டுரை பாடமாக இருந்தது. சாதியின் உயிர்நாடி அகமணம் என்கிறார். வகுப்பில் எல்லோரும் குறிப்பெடுத்தார்கள். எனக்கு அந்த இரண்டு பேரும், அப்பாவின் இடுப்புத் துண்டும் நினைவுக்கு வந்தன. அகமணத்தை நாய்க்கும் விதித்த சமூகம் இது.

ஒரு பக்கம் மனுஸ்மிருதியின் பத்தாம் அத்தியாயம், ஊருக்கு வெளியே வாழ வேண்டிய சண்டாளர்களுக்கு நாயும் கழுதையும்தான் சொத்து என்கிறது. இன்னொரு பக்கம், 1927இல் மகாத் சவுதார் குளத்தில் கால்நடைகள் தண்ணீர் குடிக்கலாம், நம் மக்கள் தொடக் கூடாது என்றிருந்தது. நாய்தான் உன் சொத்து என்றவர்கள், அந்த நாயிலும் எது என்பதைத் தாங்களே முடிவு செய்வார்கள்.

நகரத்தில் மட்டும் என்ன? கழுத்துப்பட்டை வாங்கப் போன கடையில் கேட்டார்கள்: "சாதி நாயா மேடம்?" இல்லைங்க, தெருநாய்க் குட்டி என்றேன். கடைக்காரர் கை தானாக விலை குறைந்த பட்டைப் பக்கம் போனது. ஆங்கிலத்தில் தெருநாயை நம் சாதிப் பெயரிலிருந்து வந்த 'பரியா' என்ற சொல்லால்தான் நெடுங்காலம் அழைத்தார்கள். இப்போது 'இண்டி' என்கிறார்கள். நாய்க்குப் பெயர் மாறிவிட்டது.

சரி, குட்டிக்கு வருவோம். அலுவலகம் பக்கத்துத் தெருவில் ஒரு பழைய ஆட்டோவுக்கு அடியில் பிறந்தவன். தாயிடமிருந்து சீக்கிரம் பிரிக்கக் கூடாது என்பதால் எட்டு வாரம் முடியக் காத்திருந்தேன். வந்ததும் முதலில் கால்நடை மருத்துவமனை. பூச்சி மருந்து, பார்வோ உள்ளிட்ட நோய்களுக்கான முதல் ஊசி, சில வாரம் கழித்து அடுத்த ஊசி, மூன்று மாதம் ஆனதும் வெறிநாய்க்கடி ஊசி, பிறகு ஆண்டுதோறும். ஊசிகள் முடியும்வரை தெருவில் இறக்கிவிடக் கூடாது. மாட்டுப் பால் பல குட்டிகளுக்கு வயிற்றுப்போக்கு தரும். வெங்காயம், திராட்சை, சாக்லேட் கூடாது. தரையோடு கிடந்த ஒயர்களை எல்லாம் மேலே கட்டிவிட்டேன். குட்டி விளையாட்டாகக் கடித்தாலும் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு, உடனே ஆஸ்பத்திரி போக வேண்டும். இதைக் காலனிப் பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுங்கள். உயிர் காக்கும் செய்தி இது.

களத்துக்குப் போகும் தம்பி தங்கைகளுக்கு ஒன்று. நம் கேள்வித்தாளில் இரட்டைக் குவளை இருக்கிறது, முடிதிருத்தும் கடை இருக்கிறது, சுடுகாட்டுப் பாதை இருக்கிறது. "உங்க தெருவுல கடுவன் நாய் இருக்கா?" என்று ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள். தீண்டாமை இருக்கிறதா என்று நேராகக் கேட்டால் "அதெல்லாம் இல்ல சார்" என்று சொல்லிவிடுவார்கள். நாயைப் பற்றிக் கேட்டால் ஒரு கதை வரும். அந்தத் தடைக்குப் பின்னால் ஊர்விலக்கு மிரட்டல் இருந்தால், அது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2015 திருத்தப்படி குற்றம். ஆனால் கதையைக் கேட்ட உடனே புகார் எழுத ஓடாதீர்கள். நீங்கள் பஸ் ஏறிய பிறகும் அவர்கள் அங்கேதான் இருக்க வேண்டும். அவர்களோடு உட்கார்ந்து பேசி, அவர்கள் முடிவெடுத்த பிறகு கூட நில்லுங்கள்.

அலுவலகத் தோழர்கள் கருப்பன், டைகர், ஸ்டாலின் என்று பெயர்ப் பட்டியலே போட்டுவிட்டார்கள். நேற்று ராத்திரி அம்மாவே கூப்பிட்டார்.

"ராஜான்னே வையி. எவன் வந்து கேக்குறான்னு பாப்போம்."

ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் அவரும் வருகிறார். குட்டிக்கு விரிக்கத் தன் பழைய நூல்சேலை ஒன்றைத் துவைத்து எடுத்து வைத்திருக்கிறாராம்.