நிறம் என்ன, எத்தனை தடவை?

பூனைக்குப் பேதி என்று சொன்னால் ஆட்கள் சிரிக்கிறார்கள். மனிதருக்கு என்றால் முகம் சுளிப்பார்கள், பூனைக்கு என்றால் சிரிப்பு. 1.4 கிலோ எடையுள்ள ஓர் உடம்பிலிருந்து ஒரே நாளில் ஒன்பது முறை தண்ணீராகப் போனால் அந்த உடம்பு எத்தனை நாள் தாங்கும் என்ற கணக்கு அவர்களுக்குத் தோன்றுவதில்லை.

மிளகு, பெரம்பூரில் நான் குடியிருக்கும் வீட்டின் கீழே, வண்டிகள் நிற்கும் இடத்தில் நவம்பர் மழையில் ஒதுங்கியிருந்தவள். ஐந்தாறு மாதக் குட்டி. கறுப்பு, செம்பழுப்பு, வெள்ளை என மூன்று நிறம். மூன்று நிறப் பூனை என்றால் அநேகமாகப் பெண்தான். கறுப்பா செம்பழுப்பா என்று முடிவு செய்யும் மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது; இரண்டு நிறமும் ஒரே உடம்பில் வர இரண்டு எக்ஸ் வேண்டும். இது தெரிந்ததும் எனக்கு அவள்மேல் கொஞ்சம் கூடுதல் சொந்தம் வந்தது என்பதை மறைக்க மாட்டேன்.

மேலே கொண்டுவந்த மூன்றாம் நாள் வயிறு போக ஆரம்பித்தது. உடனே ஆலோசனைகளும் வந்தன. எதிர்வீட்டுப் பாட்டி ஒரு டம்ளர் பாலோடு வந்தார். பூனை என்றால் பால் என்பது நம் ஊரில் அசைக்க முடியாத நம்பிக்கை. தாய்ப்பால் மறந்த பூனைகளில் பெரும்பாலானவற்றுக்குப் பாலில் உள்ள லாக்டோஸைச் செரிக்கும் நொதி குறைந்துவிடும். செரிக்காத சர்க்கரை குடலுக்குள் தண்ணீரை இழுக்கும், நொதிக்கும், பேதி இன்னும் கூடும். பாட்டியிடம் இதைச் சொல்லிவிட்டு அந்தப் பாலில் அவருக்கே டீ போட்டுக் கொடுத்தேன். அலுவலகத்தில் ஒருவர் மனிதர்களுக்கான பேதி மாத்திரையைப் பாதியாக உடைத்துக் கொடுக்கச் சொன்னார். இன்னொருவர் பாராசிட்டமால் என்றார். அது பூனைக்கு விஷம். அதை உடைத்து வெளியேற்றும் சக்தி பூனையின் ஈரலுக்குக் கிடையாது. இவ்வளவு நம்பிக்கையோடு இவ்வளவு தவறான மருத்துவம் சொல்ல எப்படித்தான் முடிகிறதோ.

ஞாயிற்றுக்கிழமை திறந்திருந்த ஒரு தனியார் கிளினிக்குக்குத் தூக்கிக்கொண்டு போனேன். மேஜையில் இருந்தவர் பூனையைப் பார்ப்பதற்கு முன், “சார் வரலையா?” என்று கேட்டார். இல்லை என்றேன். “தனியாவா இருக்கீங்க? அதான் பூனை,” என்று சிரித்தார். ஓர் ஊசி போட்டார், எதற்கு என்று சொல்லவில்லை. என்னிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

அன்றிரவு அம்மா போன் செய்தாள். பூனை வேண்டாம் என்பதுதான் முதல் நாளிலிருந்து அவள் கட்சி. “தனியா இருக்குறவ பூனை வேற வளத்தா இன்னும் என்னென்ன பேசுவாங்களோ” என்பது அவள் கவலை. பேதி என்றதும் குரல் மாறிவிட்டது.

“என்ன நிறத்துல போகுது?”

“மஞ்சள்மா. கொஞ்சம் பச்சை.”

“சளி மாதிரி சேந்து வருதா? ரத்தம் கோடு கோடா இருக்கா? புளிச்ச நாத்தமா, அழுகின நாத்தமா? வாந்தி உண்டா? தண்ணி குடிக்குதா?”

நான் தட்டுப் பக்கம் போய்க் குனிந்து பார்த்துப் பார்த்துப் பதில் சொன்னேன். கழுத்துக்குப் பின்னால் தோலைக் கிள்ளி விட்டுப் பார்க்கச் சொன்னாள். விட்ட தோல் சட்டென்று படியாமல் மடிப்பாகவே நின்றது. “தண்ணி வத்திப்போச்சுடி. காலையில முதல் வேலையா ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போ,” என்றாள்.

அம்மா நான்கு பிள்ளைகளின் துணிகளை இப்படிப் படித்தவள். படுத்த படுக்கையாகிவிட்ட அப்பாயியின் மலத்தை மூன்று வருடம் தினமும் படித்தவள். அப்பாவும் பெரியப்பாவும் அறை வாசலில் நின்று “அம்மா எப்படி இருக்காங்க?” என்று கேட்பார்கள். அம்மா சொல்லும் பதிலைத்தான் மருத்துவரிடம் போய்த் தங்கள் பதிலாகச் சொல்வார்கள். அதை எங்கள் வீட்டில் யாரும் அறிவு என்று சொன்னதில்லை, வேலை என்றுகூடச் சொன்னதில்லை. சாப்பிட உட்காரும்போது மட்டும் “கையை நல்லாக் கழுவினியா?” என்று கேட்பார்கள்.

காலையில் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போனோம். 1903இல் தொடங்கிய கல்லூரி. மாடு, நாய், ஆடு, கோழிக் கூடை எல்லாம் ஒரே வரிசையில். மருத்துவர் ஒரு பெண். அவர் முதலில் கேட்டது, “என்ன கலர், எத்தனை தடவை?” நான் நோட்டை நீட்டினேன். இரவு முழுக்க நேரம், நிறம், சளி, ரத்தம் என்று எழுதியிருந்தேன். “ஹிஸ்டரி இப்படி இருந்தா பாதி வேலை முடிஞ்சதும்மா,” என்றார். அம்மாவின் கேள்விகளுக்கு அந்த மேஜையில் ஹிஸ்டரி என்று பெயர்.

பூனைகளைக் கொல்லும் பார்வோ இருக்குமோ என்ற பயம் அவருக்கும் இருந்தது. பரிசோதனையில் இல்லை என்று வந்தது. தோலுக்கடியில் குளுக்கோஸ் ஏற்றியதில் மிளகின் முதுகு சின்ன ஒட்டகத் திமில் மாதிரி புடைத்துக்கொண்டது. நான் டப்பாவில் கொண்டுபோன மலத்தை நுண்ணோக்கியில் பார்த்தார்கள். ஜியார்டியா, கூடவே உருண்டைப் புழுவின் முட்டைகள். தெருவில் தேங்கிய தண்ணீரைக் குடித்து வளர்ந்த குட்டிக்கு இரண்டும் சாதாரணம். உருண்டைப் புழு தாய்ப்பால் வழியாகவே குட்டிக்கு வந்துவிடும் என்று மருத்துவர் சொன்னபோது, பாலைப் பற்றி நமக்கிருக்கும் அத்தனை கவித்துவமும் ஒரு நிமிடம் ஆட்டம் கண்டது.

ஐந்து நாள் மருந்து. உப்பு, வெங்காயம், பூண்டு இல்லாமல் அவித்த கோழி, கொஞ்சம் கொஞ்சமாக. புதிய உணவுக்கு மாற்றுவதென்றால் பத்து நாள் எடுத்துக்கொண்டு மாற்ற வேண்டும். மணல் தட்டைத் தினமும் காலி செய்து கொதிநீர் ஊற்ற வேண்டும். பின்பக்க ரோமத்தில் கிருமி ஒட்டியிருக்கும் என்பதால் குளிப்பாட்டவும் வேண்டும். குளிப்பாட்டியதற்கு என் முன்கையில் சாட்சி இருக்கிறது. விடுப்புக் கடிதத்தில் காரணம் ‘சொந்த வேலை’ என்று எழுதினேன்.

வீட்டு வேலைக்கு வரும் அக்கா தட்டைப் பார்த்ததும், “குடும்மா, நான் கழுவிடறேன். எனக்குப் பழக்கம்தானே,” என்றார். அந்தப் ‘பழக்கம்தானே’ என்னை நிறுத்தியது. யாருடைய கைக்கு மலம் பழக்கம் என்பதை இந்த ஊரில் சாதி முடிவு செய்கிறது, வீட்டுக்குள் பாலினம் முடிவு செய்கிறது. வேண்டாம்கா என்று நானே கழுவினேன். அதனால் ஊரில் ஒன்றும் மாறிவிடவில்லை. அக்கா அடுத்துப் போகும் வீட்டில் ஒரு நாயும் படுக்கையில் ஒரு தாத்தாவும் இருக்கிறார்கள்.

நான்காம் நாள் ஹவுஸ் ஓனர் அம்மா மேலே வந்தார். “கீழ் வீட்டுப் பொண்ணு மாசமா இருக்கா. பூனை இருந்தா கரு கலைஞ்சிடுமாம். ஒண்ணு பூனை, இல்லன்னா வீடு.” தனியாக இருக்கும் பெண்ணுக்கு இந்த வீடு கிடைக்க நான் அலைந்தது ஐந்து மாதம்.

அவர் சொன்னதில் பாதி உண்மை. டாக்சோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி பூனை மலத்தில் வரக்கூடும், கருவைப் பாதிக்கவும் கூடும். ஆனால் பூனை பெரும்பாலும் முதல் தொற்றின்போது மட்டும், ஒன்றிலிருந்து மூன்று வாரம்வரைதான் அதை வெளியேற்றும். வெளியே வந்தது தொற்றும் நிலைக்கு வர ஒரு நாளாவது ஆகும். தட்டைத் தினமும் வேறொருவர் சுத்தம் செய்தால் ஆபத்து மிகக் குறைவு. சரியாக வேகாத இறைச்சியிலும், கழுவாத கீரையிலும், தோட்ட மண்ணிலும் அதே ஒட்டுண்ணி இருக்கலாம்.

இதைக் கீழ் வீட்டுப் பெண்ணிடமே போய்ச் சொன்னேன். ஏழாம் மாதம். தரையில் உட்கார்ந்து ஆட்டுக்கறி நறுக்கிக்கொண்டிருந்தாள், பக்கத்தில் மண்ணோடு இரண்டு கட்டு முளைக்கீரை. “பூனை மாடியில இருக்குக்கா, அதைத் துரத்தணும்னு எல்லாரும் சொல்றாங்க. இந்தக் கறியை வேற யாராவது வெட்டட்டும்னு ஒருத்தரும் சொல்லலையே,” என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். கத்தியைக் கீழே வைக்கவில்லை, சமையல் முடிய வேண்டுமே.

சாயங்காலம் ஹவுஸ் ஓனர் அம்மாவிடம் பூனை இருக்கட்டும் என்று சொன்னவளும் அவள்தான். பொங்கல் வரைக்கும் பார்க்கலாம் என்று பதில் வந்திருக்கிறது.

ஆறாம் நாள் மிளகு இரண்டே தடவை போனாள். களி மாதிரி, பழுப்பு. போன் செய்தேன். “கெட்டிப்படுது, ஆனா இன்னும் நாலு நாள் பாரு,” என்றாள் அம்மா. உடம்புக்குள் எஞ்சியிருக்கும் புழுக்களுக்காக இரண்டு வாரம் கழித்து மறுபடி மருந்து தர வேண்டும். நாள்காட்டியில் அந்தத் தேதியை வட்டமிட்டிருக்கிறேன். மேல் வரிசையில் வாடகை, கீழே சிலிண்டர், பக்கத்துக் கட்டத்தில் என் மாதவிடாய்த் தேதி.