ஒரு குண்டுவீச்சு விமானமும் 30 பள்ளிகளும்



ஆயுதப் பெருக்கத்தைக் கண்டிப்போர் பலர். படை நடத்தியவரே எச்சரித்தால் அதன் எடை வேறு. இரண்டாம் உலகப் போரில் ஐரோப்பாவில் நேச நாட்டுப் படைகளுக்குத் தலைமையேற்ற ஐசனாவர், பின்னர் அமெரிக்க அதிபரானார். ஒரு குண்டுவீச்சு விமானத்தின் விலையில் 30க்கும் மேற்பட்ட நகரங்களில் பள்ளி எழுப்பலாம் என்று 1953இல் அவர் கணக்குக் காட்டினார். 1961 ஜனவரி 17இல் விடைபெறும்பொழுது, படைத்துறையும் ஆயுதத் தொழிலும் இணைந்து அரசின்மீது செலுத்தக்கூடிய தகாத செல்வாக்கைக் குறித்து எச்சரித்தார்.

அப்பிணைப்பு எவ்வாறு இயங்குகிறது? எஃப்-35 போர் விமானத்தின் பாகங்கள் அமெரிக்காவின் 40க்கும் மேற்பட்ட மாநிலங்களில் உருவாகின்றன. திட்டத்தைக் குறைத்தால் தொகுதி மக்களின் வேலை போகும். எந்த உறுப்பினர் துணிவார்? 2016இல் ஓய்வுபெற்ற படைத்தலைவர் லாய்ட் ஆஸ்டின், ஆயுத நிறுவனமான ரேதியானின் இயக்குநர் குழுவில் இருந்து, 2021இல் பாதுகாப்பு அமைச்சரானார். அதற்கு நாடாளுமன்றமே விதிவிலக்கு அளித்தது.

ஐசனாவர் கூறிய காவல் ஒன்றே: விழிப்பும் அறிவும் உடைய குடிமக்கள். அவர்கள் உருவாகும் இடம் வகுப்பறையன்றோ? வரவுசெலவுத் திட்டம் வெளிவரும்பொழுது, எத்துறைக்கு எவ்வளவு என்பதைப் பிள்ளைகளோடு அமர்ந்து வாசிப்போம். கூட்டல் கழித்தல் அறிந்த பிள்ளைக்கு அக்கணக்கும் விளங்கும்.