ரைன் கரையில் ஒரு பி.காம் பயணி

ஜெர்மனியில் வேலை பார்க்கும் அக்காவோடு ரைன் நதிக்கரையோரமாக ஒரு பஸ் டூர் போய் வந்தேன். பிங்கனிலிருந்து கோப்லென்ஸ் வரை சுமார் 65 கிலோமீட்டர். திரும்பிய பக்கமெல்லாம் மலை மேல் கோட்டை, கீழே திராட்சைத் தோட்டம். 2002ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த இடம். பஸ்ஸே கேமராவும் கையுமாக இருக்க, என் சந்தேகம் வேறு... இத்தனை கோட்டைக்கும் காசு ஏது?

கௌப் என்ற சின்ன ஊரில் பதில் கிடைத்தது. அங்கே ஆற்றின் நடுவிலேயே ஒரு வெள்ளைக் கோட்டை, 14ஆம் நூற்றாண்டில் கட்டியது. எதற்கு? சுங்கம் வசூலிக்க! குறுக்கே சங்கிலி போட்டு மறிப்பார்களாம். கட்டினால்தான் கப்பல் நகரும். 1868 மான்ஹைம் ஒப்பந்தம்தான் ரைனைச் சுங்கமில்லா நதியாக்கியது.

"ரசிக்க வந்தியா, ஆடிட் பண்ண வந்தியாடா?" என்றாள் அக்கா :)

ஆனால் கணக்கு இன்னும் முடியவில்லை. 2018 வறட்சியில் இதே கௌப் அளவுகோல் 25 செ.மீ. காட்டியது. அந்தக் கோட்டைக்கு ஜனங்கள் நடந்தே போனார்கள். சரக்குப் படகுகள் பாதிச் சுமைகூட ஏற்ற முடியாமல் திணறின. ஆற்றை நம்பியிருந்த பிஏஎஸ்எஃப் நிறுவனத்துக்கு மட்டும் சுமார் 25 கோடி யூரோ அடி.

சங்கிலிக் காலத்தில் காசு கட்டினால் வழி விட்டார்கள். தண்ணீரே இல்லையென்றால் யாரிடம் கட்டுவது?

நீங்கள் போனால் கோட்டையைப் படம் எடுங்கள், தப்பில்லை. கூடவே, கீழே போகும் படகு எவ்வளவு முங்கியிருக்கிறது என்றும் பாருங்கள்.