எந்தக் கராத்தே வகுப்பு?

கராத்தே பழகப்போறன் எண்டு சொன்னால் எங்கட பக்கம் முதலில் வரும் கேள்வி, "ஆர் மாஸ்டர்?" அடுத்தது, "எத்தனை வருசத்தில கறுப்புப் பட்டி?" அம்மா மட்டும், "இருட்டினாப் பிறகு எப்பிடித் திரும்பி வருவாய்?" எண்டு கேட்டா.

அம்மாவின் கேள்விதான் சரியான கேள்வி. யாழ்ப்பாணம் ரவுணில் வேலை முடிந்து கொக்குவிலுக்குச் சைக்கிளில் வரும்போது, இரண்டு தரம் மோட்டார் சைக்கிளில் பின்தொடர்ந்து வந்தார்கள். அதற்குப் பிறகுதான் வகுப்புத் தேடத் தொடங்கினேன்.

பட்டியைப் பற்றி வாசித்தபோது ஆச்சரியமாக இருந்தது. கறுப்புப் பட்டி கராத்தேயில் பிறந்ததே இல்லை. 1882இல் ஜூடோவைத் தொடங்கிய ஜிகொரோ கானோ கொண்டுவந்தது அது. கராத்தேயில் அதை முதலில் கொடுத்தவர் புனாகோஷி, 1924இல். அதற்கு முன் ஒக்கினாவாவில் பட்டி இல்லாமல்தான் பழகினார்கள்.

பாணிகளும் வேறு வேறு. சொட்டோகானில் கால்களை அகட்டி, தாழ நின்று தூரத்திலிருந்து அடிப்பார்கள். கோஜு ரியூவில் கிட்ட நின்று மோதுவதும் மூச்சுப் பயிற்சியும் கூட. கியோகுஷினில் உடம்பில் உண்மையாகவே அடி விழும்.

மூன்று இடங்களுக்குப் போய்ச் சும்மா இருந்து பார்த்தேன். ஒன்றில் கட்டா வலு வடிவு, ஆனால் எல்லாரும் சின்னப் பிள்ளைகள். இன்னொன்றில் பெடியன்கள் சண்டை பழக, பெட்டையள் ஓரமாக இருந்தார்கள். "உங்களுக்குக் கட்டா காணும், தங்கச்சி" எண்டார் மாஸ்டர். மூன்றாவது இடத்தில் ஒரு பிள்ளையின் கையை மற்றவர் முறுக்க, அவள் இரண்டு தரம் தட்டினாள். உடனே விட்டார். மாஸ்டர் வகுப்பையே நிறுத்தி, "தட்டினால் விடவேணும். அதுதான் முதல் பாடம்" எண்டார். அங்கேதான் சேர்ந்தேன். அது எந்தப் பாணி எண்டு சேர்ந்த பிறகுதான் கேட்டேன்.

ஏழு மாதமாகிறது. மோட்டார் சைக்கிள் சத்தம் பின்னால் கேட்டால் இப்பவும் நெஞ்சு இடிக்கும். அங்கே சொல்லித் தந்ததும் சண்டை பிடிக்க இல்லை: வெளிச்சமுள்ள கடைக்குத் திருப்பு, பலமாகக் கத்து, பிடித்தால் மட்டும் கையைக் கழற்று. கத்துவதற்கே எனக்கு இரண்டு கிழமை எடுத்தது.

நீங்களும் தேடுறீங்கள் எண்டால், காசு கட்ட முதல் ஒரு வகுப்பை முழுக்க இருந்து பாருங்கோ. பட்டிச் சோதனைக்கு எவ்வளவு எண்டு முதலே கேளுங்கோ. கடைசி வரிசையில் நிக்கிற பிள்ளையோட மாஸ்டர் எப்பிடிக் கதைக்கிறார் எண்டு கவனியுங்கோ. முதல் நாள் நீங்கள் நிக்கப்போறதும் அங்கதான்.