காணப்படாது

அந்தத் துண்டறிக்கையைத் தமிழில் எழுதியவன் நான்தான். ‘மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டால் ரத்தத்தில் கிருமி காணப்படாது.’ எம்.ஏ. தமிழ் படித்தவன் எழுதியது, பிழை இருக்காது என்று தோழர்கள் நம்பினார்கள். நானும் நம்பினேன். அந்த நிலையில் இருப்பவரிடமிருந்து உடலுறவில் அடுத்தவருக்குத் தொற்றாது. அது பெரிய செய்தி. அதனால்தான் ஆசை ஆசையாக எழுதினேன்.

பெரியம்மா மகன், எனக்கு மூத்தவர், செண்பகத்தோப்பில் ஒரு மாந்தோப்புக்குக் காவல். எச்.ஐ.வி. வந்து பல வருசம் ஆகிறது. ராத்திரிக்கு ஒரு மாத்திரை. டப்பா குலுங்கினால் சத்தம் கேட்கும் என்று மாத்திரைகளைத் தாளில் மடித்து வெற்றிலைப் பைக்குள் வைத்திருப்பார். முதலாளிக்குத் தெரிந்தால் வேலை போய்விடும். அந்தத் தோப்பில் அவருக்குத் தனி டம்ளர். அது நோயால் வந்ததில்லை, பெரியப்பா காலத்திலிருந்தே இருக்கிறது.

2022ல் ரத்தத்தைச் சோதித்துவிட்டு, கிருமி அளவுக்குள் அகப்படவில்லை என்று சொல்லியிருக்கிறார்கள். அண்ணன் என் துண்டறிக்கையை எடுத்துப் பார்த்திருக்கிறார். காணப்படாது. சரி, போய்த் தொலைந்தது என்று மாத்திரையை நிறுத்திவிட்டார். ஆறு மாசத்தில் நாக்கெல்லாம் வெள்ளை படிந்து, வேட்டி இடுப்பில் நிற்காமல் கிடந்தார்.

“நீதானப்பா இல்லன்னு எழுதுன?”

‘இல்லை’ என்று எழுதவில்லை அண்ணே, ‘காணப்படாது’ என்றுதான் எழுதினேன் என்று வாய்வரை வந்தது. இலக்கணம் படித்த வாய். மூடிக்கொண்டேன்.

அப்புறம்தான் ஒழுங்காகப் படித்தேன். மாத்திரை கிருமி பெருகுவதைத்தான் தடுக்கிறது. சில சி.டி.4 அணுக்களின் மரபுக்கூறோடு தன்னைத் தைத்துக்கொண்டு கிருமி உறங்கிவிடுகிறது. பத்து லட்சம் அணுவில் ஒன்றில் இருந்தாலே போதும். உறங்கும்போது அது எதையும் உற்பத்தி செய்யாது, அதனால் உடம்பின் காவலுக்கும் தெரியாது, மருந்துக்கும் எட்டாது. இப்படி ஒரு சேமிப்பு இருப்பதை 1997ல் அமெரிக்காவில் மூன்று குழுக்கள் காட்டின. மாத்திரையை விட்டால் பெரும்பாலோருக்குச் சில வாரங்களிலேயே கிருமி திரும்பிவிடும். மாத்திரையை மட்டும் நம்பி இதைக் காலி செய்ய 73 வருசம் ஆகும் என்று 2003ல் கணக்குப் போட்டார்கள்.

“எழுவத்து மூணா? எனக்கு இப்பவே நாப்பத்தெட்டு” என்று சிரித்தார்.

கோரை என்று சொன்னதும் பிடித்துக்கொண்டார். மேலே அறுத்தால் தரை சுத்தமாகத் தெரியும், கிழங்கு கீழே கிடக்கும். “அப்ப தண்ணி விட்டு மொளைக்க வச்சு கொத்தணும். அதுக்கு ஊசி எதுவும் வருதா?”

அதைத்தான் செய்து பார்க்கிறார்கள். 2006ல் சென்னை சேத்துப்பட்டு காசநோய் ஆராய்ச்சி மையத்தில் போட்டுப் பார்த்தது நோயில்லாதவர்களுக்கான தடுப்பூசி. அது வேறு. நோய் உள்ளவருக்கே போட்டு, எதிர்க்கும் அணுக்களைப் பழக்குவதுதான் சிகிச்சைத் தடுப்பூசி. போலியோ ஊசி கண்ட ஜோனாஸ் சால்க் 1987லேயே இந்த வழியைச் சொன்னார். அவர் ஊசி பலிக்கவில்லை. இங்கிலாந்தில் ‘ரிவர்’ என்ற ஆய்வில் 60 பேரை எடுத்து, பாதிப்பேருக்கு வெறும் மாத்திரை, பாதிப்பேருக்கு அதோடு பழக்கும் ஊசியும் உறங்குகிறதை உசுப்பும் மருந்தும் கொடுத்தார்கள். 2018ல் முடிவு சொன்னார்கள். இரண்டு பக்கமும் கிழங்கு ஒரே அளவுதான். இன்னும் முயன்றுகொண்டுதான் இருக்கிறார்கள். அண்ணனிடம் வரும் என்றும் சொல்லவில்லை, வராது என்றும் சொல்லவில்லை. ஏற்கனவே ஒரு தடவை சொல்லிக் கெடுத்தவன்.

கையில் இருப்பது மாத்திரைதான். 2004 ஏப்ரலில் தாம்பரம் உள்ளிட்ட சில அரசு ஆஸ்பத்திரிகளில் இலவசமாகக் கொடுக்கத் தொடங்கும்வரை நம்ம ஆட்களுக்கு அதுவும் எட்டாக்கனி. நல்லவேளை, மறுபடி ஆரம்பித்ததும் அண்ணன் உடம்பு கேட்டது.

மிச்சம் முந்நூறு துண்டறிக்கை வீட்டில் கிடந்தது. தோப்புக்குக் கொண்டுபோய், எப்படித் திருத்தட்டும் என்று அவரிடமே கேட்டேன்.

“கிருமி ஒளிஞ்சு கெடக்கும், மாத்திரைய விட்டா வெளிய வந்துரும்னு எழுது.”

“பேச்சுத் தமிழா இருக்கேண்ணே.”

“இருக்கட்டுமே. யாருக்கு எழுதுற?”

ஒவ்வொன்றாகப் பேனாவால் அடித்து எழுத ஆரம்பித்தேன். இருட்டிவிட்டது. அவர் டார்ச்சைப் பிடித்துக்கொண்டே மணி கேட்டார். எட்டு என்றேன். வெற்றிலைப் பையை அவிழ்த்தார்.