ஒரே மாத்திரை, இரண்டு பெயர்

ஐந்து வருடங்களுக்கு முன் என் மனைவி வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் இருந்தாள். எந்த ஆஸ்பத்திரி என்பது வேண்டாம். வீட்டிலிருந்து கொண்டுபோன பிரஷர் மாத்திரையைக் காலையில் நான் கொடுத்தேன். அதையே வேறு கம்பெனிப் பெயரில் வார்டிலும் கொடுத்தார்கள். மூன்றாம் நாள் எழுப்பி உட்கார வைத்தபோது மயங்கிச் சாய்ந்துவிட்டாள். நல்லவேளை, பிசியோதெரபி தம்பி தாங்கிப் பிடித்தார்.

பயிற்சிக்கு வந்திருந்த நர்ஸ் பெண் பிறகு என்னிடம் வந்து அழுதாள். "நேத்தே சந்தேகம் வந்துச்சு ஐயா. டாக்டர்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு பயந்துட்டேன்."

அவள்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. நான் குமாஸ்தாவாகக் காலம் தள்ளியவன். மேலதிகாரி எழுதிய குறிப்பு தவறென்று தெரிந்தும் வாயை மூடிக்கொண்ட நாட்கள் எனக்கும் உண்டு. அங்கே கெட்டது கோப்பு. இங்கே ஆள்.

பிசியோதெரபி படிக்கும் என் பேத்தி போன மாதம், "தாத்தா, எங்க காலேஜ்ல நோயாளியா நடிக்க வரீங்களா?" என்றாள். மருத்துவம், நர்சிங், பார்மசி, பிசியோதெரபி மாணவர்களை ஒரே கட்டிலருகே நிறுத்திச் சேர்ந்து படிக்க வைக்கிறார்களாம். இன்டர்புரொஃபஷனல் எஜுகேஷன் என்று பெயர். சுவீடனில் லின்ஷாப்பிங் பல்கலைக்கழகத்தில் 1986-லேயே தொடங்கிவிட்டார்கள். உலக சுகாதார நிறுவனமும் 2010-ல் இதற்கென வழிகாட்டி வெளியிட்டிருக்கிறது.

இடுப்பு ஆபரேஷன் முடிந்து வீடு திரும்பும் கிழவர் வேடம் எனக்கு. யாருக்கும் சொல்லாமல் ஒரே மருந்தின் இரண்டு அட்டைகளை, வெவ்வேறு பெயரில், பையில் போட்டுக்கொண்டேன்.

முதலில் டாக்டர் பையனே பேசினான். மற்ற மூவரும் கைகட்டி நின்றார்கள். மூலையிலிருந்த ஆசிரியை, "அவங்களும் பேசட்டும்" என்றார். பார்மசி மாணவன் மாத்திரைகளைக் கேட்டான். பையைக் கொடுத்தேன். அவன் எண்ணிக்கொண்டிருக்கும்போதே நர்சிங் பெண் எட்டிப் பார்த்தாள். டாக்டர் பையன் முகத்தைப் பார்த்தாள். தயங்கினாள். எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது.

"ஒரு நிமிஷம். இது ரெண்டும் ஒரே மருந்து."

அவன் வாங்கிப் படித்தான். "ஆமா. நான் கவனிக்கல. நல்லவேளை சொன்னீங்க."

அவ்வளவுதான். எனக்குக் கண் கலங்கிவிட்டது. வலி என்று நினைத்து என் பேத்தி தலையணையைச் சரிசெய்தாள்!

புதுச்சேரியில் நான் பிரெஞ்சில் படித்தவன். அப்ராந்த்ர் என்ற ஒரே சொல்லுக்கு அங்கே கற்பது, கற்பிப்பது என்று இரண்டு பொருளும் உண்டு. பள்ளியில் அது எனக்குக் குழப்பமாக இருந்தது. அன்றுதான் விளங்கியது.

வீட்டில் சொன்னேன். "அந்தப் பொண்ணும் இப்படிப் படிச்சிருந்தா அழுதிருக்க மாட்டா" என்றாள் மனைவி.

என் வயதுக்காரர்களுக்கு ஒன்று. சாப்பிடும் மருந்துகளை, கம்பெனிப் பெயரோடு மருந்தின் பெயரையும் சேர்த்து, ஒரு தாளில் எழுதி வையுங்கள். டாக்டர், நர்ஸ், மருந்துக்கடைக்காரர் மூவரிடமும் காட்டுங்கள். அவர்கள் சேர்ந்து படித்து வரும்வரை நாம்தான் சேர்த்துவைக்க வேண்டும்.